கவிழ்க்காத கூடை

உங்கள் மாமன் யாரிடம் எதைச் சொல்லி அனுப்பினாலும் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார். "கடசி வார்த்த இன்னா சொன்னேன்?" கடையில் உப்பு வாங்கிவரச் சொன்னாலும் கேட்பார், தோணிக்காரனிடம் கல்யாணச் சேதி சொல்லி அனுப்பினாலும் கேட்பார். எதிரே நிற்பவர் அந்தக் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் விடுவார். நீங்கள் இரண்டு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் போலவே கேட்டுச் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பெரியவள் ஒரு தடவை என்னிடமே கேட்டாள்: "நைனா, மாமனுக்குக் காது மந்தமா, ஊரு ஜனத்துக்கு மந்தமா?" அன்றைக்கு நானும் சிரித்து வைத்தேன்.

இன்னொன்றும் உங்கள் காதில் விழுந்திருக்கும். பொண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்க இவன் ஃபேக்டரியில் ஓவர்டைம் பார்த்தான் என்று குப்பத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். பொய் இல்லை. நான் அன்றைக்கு ஓவர்டைம்தான் பார்த்தேன். ஏன் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும்தான். மெஷின் சமாச்சாரமும் இதில் வரும். எனக்கு எப்படிப் புரிந்ததோ அப்படியே எழுதுகிறேன். புரியாத இடத்தில் நிறுத்தி என்னைக் கேளுங்கள்.

நானும் பழவேற்காட்டு ஏரிக்கரைக்காரன்தான். தண்ணீரில் இறங்காமல் அறுபதுகளின் கடைசியில் பொன்னேரிக்குப் போய் டைப்ரைட்டிங் படித்ததால் குப்பத்தில் எனக்கு "டக்டக்கு" என்று பேர். அந்த டக்டக்கால்தான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. முதலில் கார்டு பஞ்ச் பண்ணுகிற வேலை. அப்புறம் எழுபதுகளின் பிற்பாதியில் அவர்கள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியபோது அந்த ரூமுக்கு ஆபரேட்டர் ஆனேன்.

அது ஏ.சி. ரூம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அதுவும் நானும் இன்னும் ஓரிருவரும்தான் வரலாம். மற்றவர்களுக்கு ஒரு ஜன்னல். ஸ்டோர்ஸ் ஆளோ சம்பள ஆபீஸ் ஆளோ ஜன்னலில் நின்று சீட்டை நீட்டுவார்கள். ஆரம்பத்தில் அவர்கள் நீட்டின சீட்டைப் பார்த்துக்கொண்டே மெஷினில் அடித்தேன். ஸ்டோர்ஸ்காரர் ஒருவர் நான் மேல் வரியை அடிக்கும்போதே கீழ் வரியைத் திருத்திவிட்டார். நான் சரிபார்த்தது ஒன்று, அடித்தது ஒன்று என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் சீட்டை வாங்கியதும் என் கையால் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். என்ன பார்ப்பதானாலும் என் காப்பியில்தான் பார்ப்பேன். இன்னொருத்தர் சீட்டே கொண்டுவராமல், "அந்த மேஜ டிராயர்ல கீது, எட்துக்கோ" என்பார். அது அவர் டிராயர்தானா என்று பார்த்துவிட்டுத்தான் திறப்பேன். வேறொருத்தர் டிராயராக இருந்தால் முடியாது என்று சொல்லிவிடுவேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால் மெஷினுக்குள்ளும் இதே மாதிரி ஒரு ரூமும் ஜன்னலும் இருக்கிறது. அதை எனக்குச் சொன்னவர் மெட்ராஸிலிருந்து வந்துபோகிற இன்ஜினியர் அம்மா. என்னைவிட வயதில் சின்னவர். நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். மெஷினில் ஒரே நேரத்தில் பல புரோகிராம்கள் ஓடும். சம்பளம் போடுகிற ஒன்று, ஸ்டோர்ஸ் கணக்கு ஒன்று, இப்படி. அவை எல்லாம் வெளியாட்கள். நடுவில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் மெஷினையே கட்டி மேய்ப்பது. வெளியாட்கள் யாரும் அதற்குள் கை விடக் கூடாது. ஏதாவது வேண்டுமென்றால் "இந்த இடத்தில் வைத்திருக்கிறேன், இவ்வளவு நீளம்" என்று சொல்ல வேண்டும். கெர்னல் அந்த இடம் அவர்களுடையதுதானா என்று பார்த்து, அங்கிருப்பதை உள்ளே காப்பி எடுத்துக்கொண்டு, காப்பியை வைத்துத்தான் வேலை பார்க்கும். அவர் சொல்லச் சொல்ல, "நான் ஜன்னல்ல பண்றதுதான் மேடம்" என்றேன். "அதேதான், ஆனா அது ஒரு செகண்டுல ஆயிரம் தடவை பண்ணும்" என்று சிரித்தார்.

எங்கள் டைம் ஆபீஸ் கிளார்க் பட்டாளத்திலிருந்து ரிடையர் ஆகி வந்தவர். எல்லாருக்கும் அவர் ஹவில்தார். கெர்னல் என்பது அவர் காதில் கர்னல் என்று விழுந்துவிட்டது. "நான் ஹவில்தாராவே வெளிய வந்துட்டேன். உங்க டப்பாவுக்குள்ள கர்னலே உக்காந்துகினு கீறாராமே, சல்யூட் அடிச்சிட்டு உள்ள போ" என்று என்னைத் தினம் கிண்டல் செய்வார்.

இனி உங்கள் அம்மாவைப் பற்றி. பெரியவளுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம். சின்னவனுக்கு ஒன்றும் இருக்காது.

அவள் எந்தப் பாத்திரத்தையும் கவிழ்த்துத் தட்டாமல் அதில் எதையும் போட மாட்டாள். கும்மிடிப்பூண்டியில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தோம். காலையில் என் டிபன் டப்பாவை எடுத்து, கவிழ்த்து, அடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவாள். அப்புறம்தான் சோறு. நேற்றே கழுவின டப்பாதானே என்று நான் கேட்டால், "கய்வுனது வேற, கவுத்துனது வேற" என்பாள். இது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். அவள் அண்ணன், உங்கள் மாமன், இறால் கூடையில் அப்படித்தான் செய்வார். பனையோலைக் கூடையின் பின்னல் இடுக்கில் பழைய இறால் ஒட்டிக்கொண்டிருக்கும். புதுச் சரக்கை அதன் மேலே கொட்டினால் பார்ப்பவனுக்கு எல்லாம் புதுசு மாதிரிதான் தெரியும். ஆனால் அடியில் பழசு. அதனால் ஒவ்வொரு தடவையும் கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் அடுத்த சரக்கு. அவர்களுக்குத் தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அவளை வளர்த்து எனக்குக் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். கல்யாணத்தன்று என்னிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "மாப்ள, இவ கூப்ட்டா வந்துரு. அது போதும்."

சின்னவன் வயிற்றில் இருந்தபோது அவளையும் பெரியவளையும் பிரசவத்துக்கு மாமன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். வலி எடுத்தால் தோணியில் பழவேற்காட்டுக்கு வந்து, அங்கிருந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போவது, போனதும் மாமன் ஃபேக்டரிக்குப் போன் பண்ணுவது என்று பேச்சு. போன் இருந்தது கேட்டுக்குப் பக்கத்தில், ஹவில்தார் மேஜையில்தான். என் ரூம் காம்பவுண்டின் அந்தக் கோடியில். நடுவில் நடந்து போய்ச் சேதி சொல்வது பெரிய பேஜார் என்று, அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். டைம் ஆபீஸில் ஒரு டெர்மினல், ஃபஸ்ட் எய்ட் ரூமில் ஒரு டெர்மினல். அங்கே டைப் அடித்தால் என் ரூமில் பிரிண்டரில் வரும். நான் கிழித்து அந்தந்த டிபார்ட்மென்டுக்கு ஆள் மூலம் அனுப்புவேன். யாருக்கு, எங்கிருந்து, என்ன விஷயம், நிலைமை என்ன, என்ன செய்ய வேண்டும் என்று கட்டம் கட்டமாக இருக்கும். மெஷினுக்குத் தமிழ் தெரியாது, எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்தில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

வந்த புதிதில் அந்தச் சேதிகளில் ஒரு கோளாறு இருந்தது. எப்போதாவது ஒரு சேதியின் வாலில் வேறொரு சேதியின் வால் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு நாள், "நிலக்கரி லாரி கேட்டுக்கு வந்துவிட்டது, நிலைமை: இரண்டு தையல் போட்டாயிற்று" என்று வந்தது. அதை நான் ஹவில்தாரிடம் காட்ட, அவர் வாசலில் லாரி டிரைவரை நிறுத்தி, "இன்னாபா, வண்டிக்குத் தையல் போட்டாங்களாமே, எந்த எடத்துல?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். மேடம் அடுத்த தடவை வரும்போது சொல்லலாம் என்று வைத்திருந்தோம். சொல்லும் அளவுக்கு அது பெரிய விஷயமாகவும் படவில்லை.

அன்றைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட். மதியத்துக்குச் சற்று முன்னால் பிரிண்டர் அடித்தது. என் டோக்கன் நம்பர். பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து மைத்துனர். மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. நிலைமை: பத்திரம். செய்ய வேண்டியது: வரத் தேவையில்லை.

நான் அதை இரண்டு மூன்று தடவை படித்தேன். சந்தோஷத்தில் படித்தேன், சந்தேகத்தில் இல்லை. லாரிக்குத் தையல் என்று வந்தால் யாரும் சிரிப்பார்கள். பெற்றவள் பத்திரம் என்று வந்தால் அதை யார் உரசிப் பார்ப்பார்கள்? பொருந்தாத மிச்சம் உடனே கண்ணில் படும். பொருந்திப்போன மிச்சம் கண்ணில் படவே படாது. இது இவ்வளவு வருஷம் யோசித்து நான் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரியவில்லை.

மதியம் என்னை மாற்ற வேண்டிய ஆள் வரவில்லை. ஆபீசர் ஜன்னலில் வந்து நின்று, கொஞ்ச நேரம் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார். வரத் தேவையில்லை என்றுதான் சேதியே இருக்கிறதே, சரி என்றேன். பஞ்ச் ரூம் ஆட்கள் எல்லாம் வந்து கை கொடுத்தார்கள். பேர் என்ன வைக்கப் போகிறாய் என்று ஒருத்தன் கேட்டதற்கு இன்னொருத்தன், "கர்னல்னு வெய்யி" என்றான்.

சாயங்காலம் வெளியே வந்தபோது ஹவில்தார் ஷிஃப்ட் முடிந்து போய்விட்டிருந்தார். புதுவாயலில் பஸ் மாற வேண்டும். அங்கே இறங்கி, ஒரு பொட்டலம் மைசூர்பாகும், சின்னவனுக்கு ஒரு வெள்ளைத் துண்டும் வாங்கினேன். மைசூர்பாகு உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும்.

ஆஸ்பத்திரிப் படியில் மாமன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரியவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். எண்ணெய் ஊறி இனிப்பு என்று வெளியே தெரிகிற பொட்டலம்.

"சொன்னேனே மாப்ள. ஒடனே வான்னு சொன்னேனே."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் உள்ளே போய்ப் பார்த்தேன்.

பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். நான் வந்திருந்தாலும் உயிர் தங்கியிருக்காது என்று டாக்டரே பிற்பாடு என்னிடம் சொன்னார். ஆனால் அவள் மதியம் முழுக்க நினைவோடு இருந்திருக்கிறாள். யாராவது கதவைத் தள்ளும்போதெல்லாம் திரும்பிப் பார்த்து, "அவுரு வந்துட்டாரா?" என்று கேட்டிருக்கிறாள். மாமன் ஒவ்வொரு தடவையும், "வந்துகினே கீறாரும்மா" என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. போனில் சொன்னார், ஹவில்தார் அப்படியே டைப் அடித்து, சேதி போய்விட்டது என்று சொன்னார். டெர்மினலிலும் போய்விட்டது என்றுதான் எழுத்து வந்திருக்கிறது. ஹவில்தார், நான் பின்பக்க கேட்டு வழியாக ரயில் ஸ்டேஷனுக்கு ஓடியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார். நான் வந்துகொண்டிருப்பதாக எல்லாரும் நம்பின நேரத்தில் நான் ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருந்தேன்.

காரியம் முடிந்ததும் மாமன் உங்கள் இருவரையும் குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அத்தைக்கு அப்போது கைப்பிள்ளை இருந்தது. சின்னவனுக்கும் அவள்தான் பால் கொடுத்தாள். நான் அந்தப் பிரிண்டர் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் மாமனிடம் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. வரத் தேவையில்லை என்று இதில் இருக்கிறது மச்சான் என்று படித்துச் சொன்னேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன் மிஷினு, உன் பேப்பரு. நீ அடிச்சா அது இன்னா வோணா சொல்லும்" என்றார்.

அன்றிலிருந்து என்னை மாப்ள என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். அத்தையிடம் என்னைப் பற்றிச் சொல்வதென்றால் "மிஷின்காரரு" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருவேன். பெரியவள் ஓடி வருவாள். சின்னவனை அத்தை கதவருகே கொண்டுவந்து காட்டிவிட்டு உள்ளே எடுத்துப் போய்விடுவாள். பிள்ளையைக் கையில் கொடு என்று கேட்க எனக்கு வாய் வராது. நான் கேட்டுச் சண்டை போட்டு வாங்கியிருக்கலாம், தகப்பன் என்கிற உரிமை இருக்கிறது என்று பஞ்ச் ரூமில் சொன்னார்கள். சண்டை போட என்ன இருக்கிறது? அவர் கூப்பிட்டார், நான் வரவில்லை. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அவ்வளவுதான் தெரியும்.

ஹவில்தார் என்னைவிட ஒடிந்துபோய்விட்டார். என்னைக் கண்டால் எழுந்து நின்றுவிடுவார். "ஆபத்து, ஒடனே வரவும்னுதான் அட்சேன்பா. என் பசங்க மேல சத்தியமா அட்சேன்" என்பார். நான் நம்புகிறேன் என்றாலும் அடங்க மாட்டார். கிண்டலெல்லாம் நின்றுவிட்டது.

மேடம் வந்தபோது காகிதத்தைக் கையில் கொடுத்தேன். ஹவில்தார் என்ன அடித்தார் என்பதை அவர் வாயாலேயே சொன்னார். மேடம் உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க ஹவில்தாரை டெர்மினலில் உட்கார வைத்து, அதே சேதியை மறுபடி மறுபடி அடிக்கச் சொன்னார். அந்த ஆள் எப்படி அடித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன். சில தடவை சரியாக வந்ததாம். மற்ற வேலைகளும் ஓடி மெஷின் நிரம்பின நேரத்தில், ஒரு தடவை வால் மாறி வந்ததாம்.

அப்புறம் மேடம் ஜன்னலுக்கு வெளியே வந்து, என் பக்கத்தில் நின்று சொன்னார். மெஷினில் இடம் கொஞ்சம். அதனால் புரோகிராமில் ஒரு துண்டைத் தூக்கி அவ்வப்போது டிஸ்கில் வைத்துவிடும், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும். ஹவில்தாருடைய சேதியைக் கெர்னல் காப்பி எடுக்கப் போனபோது, சேதியின் தலை கைக்கெட்டும் இடத்தில் இருந்தது, வால் டிஸ்குக்குப் போயிருந்தது. "நிலைமை" என்கிற கட்டத்தின் வாசலில் காப்பி நின்றுவிட்டது. நின்றது தப்பில்லையாம். இல்லாததை எடுக்க முடியாது. நின்றதும், இன்னும் இத்தனை எழுத்து பாக்கி இருக்கிறது என்று காப்பி எடுத்த பகுதி கெர்னலுக்குத் திருப்பிச் சொல்லியும் இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு, அந்தத் துண்டை வரவழைத்து, மறுபடி காப்பி எடுத்திருக்க வேண்டும். கேட்க வேண்டிய இடத்தில் கெர்னல் கேட்கவில்லை. முழுசும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, போய்விட்டது என்று டெர்மினலுக்கும் சொல்லிவிட்டது. உள்ளே காப்பி வாங்கி வைக்கிற இடம் எல்லாச் சேதிக்கும் ஒன்றுதான். அதற்கு முந்தி ஃபஸ்ட் எய்ட் ரூமிலிருந்து ஒரு சேதி போயிருந்தது. கை நசுங்கின ஒரு ஃபிட்டருடைய தம்பிக்கு, அவனும் எங்கள் ஃபேக்டரிதான். நிலைமை: பத்திரம், வரத் தேவையில்லை. அது துடைக்காமல் அங்கேயே கிடந்தது. உங்கள் அம்மாவின் தலையும் அந்த ஃபிட்டரின் வாலும் சேர்ந்து ஒரே சேதியாக என் கைக்கு வந்தது.

"அது பாக்கின்னு சொல்லுச்சு. நாங்க கேட்கல" என்றார் மேடம். "அந்த இடத்தை எழுதினது நான்தான்."

வேண்டுமென்று செய்தவர் யாரும் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் தேவலை போலிருந்தது, வரவில்லை. என் மச்சானிடம் இதைத் தானே வந்து சொல்லட்டுமா என்று மேடம் கேட்டார். அவருக்குப் புரியாது மேடம் என்றேன். புரியாவிட்டாலும் சொல்ல வேண்டும் என்றார்.

அடுத்த ஞாயிறு மேடம், ஹவில்தார், நான் மூன்று பேரும் பழவேற்காட்டுக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து தோணி ஏறினோம். ஹவில்தார் பழைய காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேடம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். மாமன் கரையில் குந்தி இறால் பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் எழவில்லை.

ஹவில்தார்தான் முதலில் பேசினார். போனில் கேட்டதை ஒரு எழுத்து விடாமல் அடித்ததாகச் சொன்னார். மேடம், சொன்னது மெஷின் வரைக்கும் வந்தது, உள்ளே பாதிதான் போனது என்றார். டிஸ்க் என்றும் காப்பி என்றும் அவர் சொல்லச் சொல்ல, மாமன் இறாலைப் பிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்:

"பாதி போனா பாதிதானேமா வரணும்? முய்சா வந்துதே. வராதன்னு வந்துதே."

நான் கரையில் கிடந்த ஒரு கூடையை இழுத்தேன். காலையில் கொட்டின கூடை. இன்னும் கவிழ்த்துத் தட்டவில்லை, பின்னல் இடுக்கில் நாலைந்து இறால் கிடந்தது. "மச்சான், இத்த கவுக்காம இதும்மேல புதுசு கொஞ்சம் கொட்றேன்னு வெய்யி" என்றேன். ஒரு கை புதுசு அள்ளி மேலே போட்டேன். "பாக்கறவன் இன்னா சொல்லுவான்?"

"பூராவும் இன்னிக்கி புட்ச்சதுன்னுவான்."

"அதான் மச்சான். அவங்க உள்ள ஒரு கூட வெச்சிகீறாங்க. நீ சொன்னது பாதிதான் அதுல உயுந்துச்சு. அடியில வேற ஒருத்தரு சேதி ஒட்டிகினு இருந்துச்சு. கவுக்கல."

மாமன் அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நேரத்தில் டிபன் டப்பா ஞாபகம் வந்தது. அவருக்கும் தங்கச்சி ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையில் இருந்த இறாலைக் கீழே வைத்துவிட்டார்.

"அடியில கெடந்தது யாரு சேதி?"

ஒரு ஃபிட்டருடையது, கையில் அடி, இப்போது வேலைக்கு வந்துவிட்டார் என்று ஹவில்தார் சொன்னார்.

"நல்லா இருக்கட்டும்" என்றார் மாமன். பிறகு மேடத்தைப் பார்த்து, "ஏம்மா, உங்க மிஷினுல அத்த கவுத்துத் தட்ட எம்மா நேரம் ஆவும்?"

"நேரமே ஆகாதுங்க" என்றார் மேடம். அங்கேயே சேற்றில் நின்றுகொண்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இப்ப தட்டுறீங்களா?"

தட்டுகிறோம் என்று தலையை ஆட்டினார். அது உண்மை. அவர் அந்த வாரமே அதை மாற்றிவிட்டிருந்தார். அதற்கப்புறம் காப்பி பாதியில் நின்றால், மிச்ச இடம் முழுக்கத் துடைத்து வெறுமையாக வரும், கீழே "சேதி முழுதும் வரவில்லை" என்று ஒரு வரியும் வரும். நான் அந்தக் காகிதத்தைக் கிழிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, கேட்டுக்கு நடந்துபோய், என்ன சொன்னார்கள் என்று வாயால் கேட்டுக்கொண்டு வருவேன். அந்த வேலையில் இருந்த வரைக்கும் அப்படித்தான் செய்தேன். வெறும் காகிதம் வந்தால் ஒன்றும் தெரியாது என்பதாவது தெரியும்.

மாமன் எழுந்து, கூடையைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினார். ஒட்டியிருந்தது மண்ணில் விழுந்தது. பிறகு வீட்டுக்குள் போனார். அத்தையிடம் ஏதோ சொல்வது கேட்டது. வெளியே வந்தபோது அவர் கையில் சின்னவன் இருந்தான். நான் புதுவாயலில் வாங்கின அந்த வெள்ளைத் துண்டில்தான் சுற்றியிருந்தது. அதை அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படியிலேயே போட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அவர் எடுத்து வைத்திருக்கிறார்.

"புடி" என்றார்.

சேறும் இறால் நாற்றமுமாக இருந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். கனமே இல்லை. சின்னவனே, நீ அப்போது தூங்கிக்கொண்டிருந்தாய். முகத்தில் உங்கள் அம்மா ஜாடை இருக்கிறதா என்று பார்த்தேன். கண்ணீர் மறைத்துவிட்டது, சரியாகத் தெரியவில்லை.

மத்தியானம் எல்லாருக்கும் அத்தை சோறு போட்டாள். மேடம் சாப்பிடவில்லை, பெரியவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புரிந்துகொண்டதால் எதுவும் திரும்பி வந்துவிடாது என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்த மதியத்தை எந்த மெஷினும் திருத்தித் தராது. அவள் கூப்பிட்டது தெரிந்தும் நான் வராமல் இருக்கவில்லை என்பது மட்டும் அவள் அண்ணனுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். மேடமும் ஹவில்தாரும் தோணியில் ஏறிவிட்டார்கள். நான் கடைசியாக ஏறப் போகும்போது மாமன் தண்ணீரில் முழங்கால் வரைக்கும் இறங்கி வந்து தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள. வர்ற சனிக்கெயம வேல முட்ச்சிட்டு நேரா இங்க வந்துரு. பெரியவளுக்குச் செருப்பு அந்து போச்சி, வாங்கினு வா. ராத்திரிக்கு ஊட்லயே தங்கு."

சரி மச்சான் என்றேன். அவர் விளிம்பை விடவில்லை. தோணிக்காரன் துடுப்பை ஊன்றிக்கொண்டு காத்திருந்தான்.

"கடசி வார்த்த இன்னா சொன்னேன்?"

"ஊட்லயே தங்குன்னு."

"அக்காங்" என்றார். அப்புறம்தான் கையை எடுத்தார்.